பழைய 1400 பக்கியைப் பிரித்து வீட்டிலேயே ஜிம்கானா கார் கட்டலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துப் பீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தாத்தா ஓட்டிய நிசான் 1400 பக்கி (சின்ன பிக்கப் வண்டி) ஒன்று வீட்டுப் பின்புறம் சும்மா நிற்கிறது, அதைப் பிரித்து லோட்டஸ் செவன் மாதிரி லேசான திறந்த கார் ஒன்றை வீட்டிலேயே வெல்டு அடித்துக் கட்டி ஞாயிற்றுக்கிழமை ஜிம்கானாவில் (கோன் சுற்றி நேரம் பார்க்கும் போட்டி) ஓட்டலாமா, டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ எஞ்சின் போட்டால் சிட்டி கோல்ஃப் (ஃபோக்ஸ்வாகனின் சின்ன கார்) ஓட்டுகிறவர்களை எல்லாம் அடித்துவிடலாமா, எவ்வளவு செலவாகும் என்கிறார். பார்க்க மூன்று கேள்வி. ஆனால் கடைசி வரியில் "அம்மா பயப்படுகிறார்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே தம்பி, நிஜமான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. நானே வெல்டு அடித்த கூட்டுக்குள் நானே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது அது பிய்த்துக்கொண்டு போகாது என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? இந்தப் பதிலில் பெரும்பங்கு அதற்குத்தான். எஞ்சின் பேச்சு நடுவில் கொஞ்சம் வரும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று உங்களுக்குத் தெரியும். கோயம்புத்தூரில் டூல் ரூமில் தொழில் கற்றேன். 2006இல் டர்பனுக்கு வந்தேன், இப்போது பைன்டவுன் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் ஃபோர்மேன். இந்த மாதிரிக் கார் சொந்தமாக இரண்டு கட்டியிருக்கிறேன், நண்பர்களுடைய மூன்றுக்குக் கை கொடுத்திருக்கிறேன். வெல்டிங், அளவெடுப்பது, பிரேக், சஸ்பென்ஷன் பிராக்கெட் இதெல்லாம் என் அன்றாட வேலை, அதில் நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். மோட்டார்பைக் எஞ்சின் போட்டு நான் கட்டியதில்லை. ஓட்டுவதில் நான் நடுத்தரம்தான், என் மகள் அதே காரில் என்னைவிட வேகமாக ஓட்டுகிறாள்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம், ஏனென்றால் நீங்கள் இணையத்தில் பார்க்கும் பாதி வீடியோ அமெரிக்கக்காரர்களுடையது. அவர்கள் ஆட்டோகிராஸ் என்றால் தார்த் தரையில் கோன் அடுக்கி ஒவ்வொரு காராக நேரம் பார்ப்பது. பிரிட்டனில் அதே சொல் புல்தரையில், மண்ணில் ஓட்டுவதைக் குறிக்கும். இங்கே நாம் தார்த் தரையில் கோன் சுற்றுவதை ஜிம்கானா என்றோ ஸ்லாலம் என்றோதான் சொல்கிறோம். நீங்கள் கட்டப்போவது தார்த் தரைக் கார் என்றால் மண்ணுக்கான சஸ்பென்ஷன் அளவுகளை எடுத்துவிடாதீர்கள். கோன் ஓட்டத்தில் பெரும்பாலும் முதல் கியர், இரண்டாவது கியர், அதோடு முடிந்தது. மணிக்கு 80, 90 கிலோமீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். ஒரு ஓட்டம் ஒரு நிமிடத்துக்குள் முடியும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பல ஆசைகள் தானாகவே குறையும்.

சரி, எஞ்சின். முதல் வருடம் பக்கியின் எஞ்சினையே வைத்துக்கொள்ளுங்கள். கேட்டதும் முகம் சுளிப்பீர்கள், தெரியும். கணக்கைப் பாருங்கள். அந்த 1,400 சிசி எஞ்சின் 50 கிலோவாட்டைக்கூடத் தொடாது, 47 என்று வையுங்கள். கார் 525 கிலோ, நீங்கள் 75 கிலோ, மொத்தம் 600. கிலோவுக்கு 78 வாட். 1.4 சிட்டி கோல்ஃபுக்கு 62 கிலோவாட், ஆளோடு சேர்த்துச் சுமார் 925 கிலோ. கிலோவுக்கு 67 வாட். தாத்தாவின் எஞ்சினே ஜெயிக்கிறது. இதில் 525 என்பதுதான் சந்தேகமான எண். கட்டும்போது எல்லாரும் 500 என்று சொல்லி ஆரம்பித்து 580இல் முடிப்பார்கள், நானும் அப்படித்தான். 4ஏ-ஜிஇ அருமையான எஞ்சின், மறுக்கவே மாட்டேன். ஆனால் இங்கே ஸ்க்ராப் யார்டில் கிடைப்பது பெரும்பாலும் கான்க்வெஸ்ட் ஆர்எஸ்ஐ மாதிரி முன்சக்கர இழுவைக் காரிலிருந்து வந்தது, குறுக்கே நிற்கும் எஞ்சின். அதை நீளவாக்கில் நிறுத்திப் பின்சக்கரத்தை ஓட்ட வேறு கியர்பாக்ஸ், வேறு பெல் ஹவுசிங், சம்ப் மாற்றம் என்று ஒன்று பின்னால் ஒன்றாக வரும். அந்தத் தேடலில்தான் பாதிப் பேரின் கார் கராஜிலேயே துருப்பிடித்துப் போகிறது. பைக் எஞ்சின் போடலாம் என்று யாராவது சொன்னால், அதற்குப் பெரும்பாலும் ரிவர்ஸ் கியர் கிடையாது என்பதையும் மறக்காதீர்கள், சில போட்டிகளில் கோனுக்கு நடுவே பின்னால் எடுத்து நிறுத்த வேண்டியிருக்கும்.

லேசான கார் வளைவில் ஏன் வேகமாகப் போகிறது என்பதைப் பலர் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். எடை குறைந்தால் டயர் மேல் அழுத்தமும் குறையும், பிடிப்பும் குறையும், அப்புறம் லாபம் எங்கே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். நியாயமான கேள்வி. பதில் என்னவென்றால் ரப்பர் பள்ளிக்கூடப் பாடத்தில் வரும் உராய்வு விதிப்படி நடப்பதில்லை. மேலே சுமை ஏற ஏற, கிலோவுக்குக் கிலோ அது தரும் பிடிப்பு குறைந்துகொண்டே வரும். வளைவில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்குச் சுமை மாறும், எவ்வளவு மாறுகிறதோ அவ்வளவு நஷ்டம். 600 கிலோ காரின் எடைமையம் தரையிலிருந்து 40 சென்டிமீட்டரில் இருக்கிறது, இடது வலது சக்கர இடைவெளி 1.3 மீட்டர், 0.9 ஜி அளவில் (தன் எடையில் பத்தில் ஒன்பது பங்கு பக்கவாட்டு விசையோடு) திரும்புகிறது என்றால் சுமார் 166 கிலோ வெளிப்பக்கம் மாறும். 925 கிலோ காரில் எடைமையம் 55 சென்டிமீட்டர் என்றால் அதே கணக்கு 330 கிலோவைத் தாண்டிவிடும். அதனால் எடையைக் குறைப்பதோடு அதைத் தாழ்த்தவும் வேண்டும். பேட்டரியை, பெட்ரோல் டேங்கை, உங்கள் உட்காரும் இடத்தைத் தாழ்த்துவதற்குக் காசு ஆகாது.

இப்போது பக்கி. (ஊரிலிருந்து வந்த புதிதில் இங்கே எல்லாரும் பக்கி பக்கி என்று சொல்லக் கேட்டு எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நம் ஊரில் சாப்பாட்டுக்கு அலைகிறவனுக்கு அந்தப் பெயர்.) 1400 நல்ல தேர்வு. 2008 வரை இந்த நாட்டிலேயே ரோஸ்லின் ஆலையில் செய்தார்கள், உதிரி பாகம் இன்னும் கிடைக்கிறது, பின்சக்கர இழுவை, பின் ஆக்சில் அதிகக் கனமில்லை. கோயம்புத்தூரில் பந்தய வீரர் கரிவரதன் மாருதி 800இன் பாகங்களை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார் கட்டியதும் இதே புத்திதான்: ஊரில் எது மலிவாக, ஏராளமாகக் கிடைக்கிறதோ அதிலிருந்து தொடங்கு. ஆனால் பக்கியின் மூன்று விஷயம் உங்களுக்கு ஆகாது. பின்பக்கக் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) சுமை ஏற்றச் செய்தது, லேசான காரில் அது கல். அதைக் கழற்றி நான்கு இணைப்புக் கம்பியும் ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கக் குறுக்கே ஒரு பான்ஹார்ட் கம்பியும் போட வேண்டும். முன்பக்க ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) உயரம், தாழ்ந்த பானட்டுக்குள் அடங்காது. ஸ்டீயரிங் பாக்ஸும் வேண்டாம், ரேக் (இடம் வலம் நகரும் பல் வெட்டிய கம்பி) வேண்டும். வழக்கமாக எல்லாரும் பழைய ஃபோர்டு கார்டினாவின் முன்பக்க அப்ரைட்டை (சக்கரம் மாட்டும் தாங்கியை) எடுப்பார்கள், கார்டினா பக்கி இந்த நாட்டில் நிறைய ஓடியதால் கிடைக்கும். ஒரு சிக்கல்: கார்டினாவின் வீல் போல்ட் வட்டம் 108 மில்லிமீட்டர், நிசானுடையது 114.3. முன்சக்கரம் பின்னால் மாட்டாது. வீல் வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும், அதில் ஒருவன் நான்.

கூட்டுக்கு 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 1.6 மில்லிமீட்டர் சுவர். இது பல வருடமாக உலகம் முழுக்க ஓடித் தேறிய அளவு, இதில் புத்திசாலித்தனம் காட்ட வேண்டாம். புத்தி காட்ட வேண்டியது முக்கோணத்தில். நாலு குழாயைச் சதுரமாக ஒட்டி மூலையைத் தள்ளினால் சாய்சதுரமாகிவிடும், குறுக்கே ஒரு குழாய் போட்டால் அசையாது. எஞ்சின் இறங்கும் வாயும் நீங்கள் இறங்கும் வாயும் மட்டும் திறந்தே இருக்கும். ஆகவே கூடு பலவீனமாக இருப்பது எப்போதும் அந்த இரண்டு இடத்தில்தான். தரைத் தகட்டையும் நடுச் சுரங்கத்தின் பக்கத் தகட்டையும் ஒட்டுப்பசையும் ரிவெட்டும் சேர்த்து அடித்தால் அந்தத் தகடே முக்கோணத்தின் வேலையைச் செய்யும்.

வெல்டிங் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி நிறுத்திக்கொள்கிறேன், இல்லாவிட்டால் விடிந்துவிடும். முழுக் கூட்டையும் முதலில் புள்ளி வெல்டு மட்டும் வைத்து நிறுத்துங்கள், மூலைவிட்டங்களை டேப்பால் அளந்து சமமாக இருக்கிறதா பாருங்கள், அப்புறம் முன்னே ஒன்று பின்னே ஒன்று என்று மாற்றி மாற்றி நிரப்புங்கள். ஒரே மூலையில் உட்கார்ந்து முடித்தால் சூட்டில் கூடு வாழைப்பழம் மாதிரி வளையும். வெல்டின் மேட்டை அழகுக்காக கிரைண்டர் போட்டுத் தேய்க்காதீர்கள், தேய்ப்பது பலத்தைத்தான். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் இரண்டு துண்டுக் குழாயை ஒட்டி வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்துப் பாருங்கள். குழாய் கிழிந்து வெல்டு நின்றால் அன்றைக்கு மெஷின் செட்டிங் சரி. வெல்டு அப்படியே உரிந்து வந்தால் அன்றைக்குக் கூட்டைத் தொடக்கூடாது. லோடு ஷெட்டிங் (இங்கத்து மின்வெட்டு) உச்சத்தில் இருந்த நாட்களில் ஜெனரேட்டர் வைத்து வெல்டு அடித்தேன், பார்க்க நன்றாகவே இருந்தது, மறுநாள் வைஸில் போட்டால் பப்படம். அந்த வாரத்து வேலை முழுவதையும் வெட்டி எடுத்தேன். டர்பன் கடல் காற்றில் சுத்தம் செய்த இரும்பு ஒரே ராத்திரியில் சிவந்துவிடும் என்பதால் வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. மறுநாள் வெல்டுக்கு முன்னால் அந்த எண்ணெயை முழுக்க எடுத்துவிட வேண்டும்.

கூடு எவ்வளவு விறைப்பு என்பதை ஊகிக்கத் தேவையில்லை, வீட்டிலேயே அளக்கலாம். பின்பக்கச் சஸ்பென்ஷன் புள்ளிகளைக் கெட்டியாகக் கட்டிவிடுங்கள். முன்பக்கத்தை நடுவில் ஒரே ஒரு முனையில் தாங்கி, குறுக்கே ஒரு உத்தரம் கட்டி, நடுவிலிருந்து 1 மீட்டர் தள்ளி 50 கிலோ தொங்கவிடுங்கள். முறுக்கு சுமார் 490 நியூட்டன் மீட்டர். முன்பக்கத்தில் இடமும் வலமும் 1 மீட்டர் இடைவெளியில் இரண்டு டயல் கேஜ் (நுண்ணிய அசைவைக் காட்டும் முள் அளவி) வையுங்கள். இரண்டுக்கும் மொத்த வித்தியாசம் 5 மில்லிமீட்டர் என்றால் கோணம் 0.29 டிகிரி, அதாவது டிகிரிக்குச் சுமார் 1,700 நியூட்டன் மீட்டர். இந்த வகைக் கூட்டுக்கு அது போதுமான எண் என்பது என் அனுபவம். போதும் என்பதற்கு எல்லை எங்கே என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், அதில் நான் சண்டைக்கு வரமாட்டேன். எண்ணைவிட முக்கியம், அளக்கும்போது கூட்டின் நீளத்தில் எந்த இடத்தில் திடீரென்று முறுக்கு ஏறுகிறது என்பது. என் முதல் காரில் டாஷ்போர்டுக்கு முன்னால் ஒரே சாணில் பாதி முறுக்கு இருந்தது. ஒரு மீட்டர் நீளக் குழாய் ஒன்றை மூலைவிட்டமாகச் சேர்த்தேன், ஒன்றேகால் கிலோகூட ஏறவில்லை, தொல்லை போயிற்று.

ஆனால் தம்பி, நான் பார்த்தவரை இந்தக் கார்களில் கூடு உடைவதில்லை. உடைவது பிராக்கெட். என் முதல் காரில் பின் ஆக்சிலைப் பிடிக்கும் கம்பியின் காதை ஒரே பக்கத் தகட்டில் நிறுத்திப் போல்ட் போட்டிருந்தேன். இரண்டு பக்கமும் தகடு இருந்து நடுவில் கம்பி உட்கார்ந்திருந்தால் போல்ட்டை இரண்டு இடத்தில் வெட்டினால்தான் அறும். என்னுடையதில் ஒரு பக்கம் மட்டும், போல்ட் ஒவ்வொரு முறையும் வளைந்து வளைந்து நிமிர்ந்தது. ஏழாவது ஞாயிற்றுக்கிழமை, பிரேக் அடித்த நேரம், ஆக்சில் ஒரு பக்கம் பின்வாங்கி, கார் தானாகவே இடதுபக்கம் திரும்பிக் கோன் அடுக்கி வைத்திருந்த டிரெய்லரைப் பார்த்துப் போய் இரண்டடி முன்னால் நின்றது. எனக்கு அடியில்லை. வீட்டில் மூன்று மாதம் சொல்லவில்லை. கழற்றிப் பார்த்தால் தகட்டின் வெல்டு ஓரத்தில் பழைய துருக் கோடு, அதாவது விரிசல் பல வாரம் முன்பே ஆரம்பித்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. அன்றிலிருந்து கூட்டுக்குக் கறுப்புப் பெயின்ட் அடிப்பதில்லை, வெளிர் சாம்பல்தான். விரிசலிலிருந்து வழியும் துரு கறுப்பில் ஒளிந்துகொள்ளும், சாம்பலில் காட்டிக்கொடுக்கும். சஸ்பென்ஷன் காதுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே அடித்துப் பார்க்கிறேன், சிவப்பு அடித்துத் துடைத்து வெள்ளை அடித்தால் விரிசல் இருக்குமிடம் சிவப்பாகக் கசியும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் சொல்வதை அப்படியே செய்யுங்கள்: சஸ்பென்ஷன் போல்ட் எல்லாம் இருபக்கத் தகட்டில், 8.8 தரம், ஸ்டீயரிங் கைகளில் வெல்டு கூடவே கூடாது.

பிரேக்குக்கு வருகிறேன். பக்கியின் பின் டிரம் அரை டன் சுமையோடு நிற்கச் செய்தது. அதை அப்படியே 600 கிலோ காரில் மாட்டினால் முன்சக்கரம் கடிப்பதற்கு முன்னால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், கார் பம்பரம். நிற்கும்போது முன்னே 300, பின்னே 300 என்றால், 0.9 ஜி பிரேக்கில் முன்னே 394, பின்னே 206 ஆகிவிடும் (சக்கர நீள இடைவெளி 2.3 மீட்டர் என்று வைத்து). அதனால் பின் பிரேக் குழாயில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று கட்டாயம். பெடலையும் சோதியுங்கள். மாணவர்கள் கட்டும் ஃபார்முலா ஸ்டூடன்ட் கார்களுக்கு பெடல் 2,000 நியூட்டன் தாங்க வேண்டும் என்று விதி, அதாவது சுமார் 200 கிலோ. பயத்தில் மிதிக்கிற கால் எவ்வளவு மிதிக்கும் என்று வீட்டில் உட்கார்ந்து நினைத்தால் தெரியாது. முதுகைச் சீட்டில் முட்டுக்கொடுத்து இரண்டு காலாலும் மிதியுங்கள், பக்கத்தில் ஒருவர் பெடல் பெட்டி வளைகிறதா என்று பார்க்கட்டும். வளைந்தால் இப்போதே வளையட்டும்.

ஸ்டீயரிங்கில் ஒரு வேடிக்கை. நண்பர் ஒருவர் ரேக்கை ஆக்சிலுக்கு முன்னால் வைக்க வேண்டியதைப் பின்னால் வைத்துவிட்டார். காரைத் தரையில் இறக்கி ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பினால் சக்கரம் இடப்பக்கம் போகிறது. நாங்கள் நாலு பேர் சுற்றி நின்று ஐந்து நிமிடம் பேசவேயில்லை. சிரிக்காதீர்கள், ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் இதைச் செய்கிறார். சிரிக்க முடியாதது பம்ப் ஸ்டீயர்: ரேக்கின் நீளமும் கீழ், மேல் விஷ்போன்களின் (சக்கரத்தைப் பிடிக்கும் ஏ வடிவக் கைகளின்) உள்முனைகளும் ஒத்துப்போகாவிட்டால் சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்கும்போது தானாகவே திரும்பும், நீங்கள் ஸ்டீயரிங்கைத் தொடாமலே. ஸ்பிரிங்கைக் கழற்றி, ஹப்பில் ஒரு மலிவான லேசர் பேனாவைக் கட்டி, சுவரில் காகிதம் ஒட்டி, சக்கரத்தை 50 மில்லிமீட்டர் மேலும் கீழும் தூக்கி இறக்குங்கள். புள்ளி செங்குத்தாக ஓட வேண்டும். பக்கவாட்டில் கொக்கி போட்டால் ரேக்கை உயர்த்தியோ தாழ்த்தியோ சரிசெய்யுங்கள்.

அம்மாவுக்காக: கார் கவிழ்ந்தால் தலையைக் காக்க, சீட்டுக்குப் பின்னால் வளையம். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதியில் பிரதான வளையத்துக்கு 45 மில்லிமீட்டர் விட்டம் 2.5 தடிப்பு, அல்லது 50 விட்டம் 2.0 தடிப்பு, குளிர்நிலையில் இழுத்த, தையல் இல்லாத எஃகுக் குழாய். கடையில் வேலிக்கு விற்கிற குழாய் அல்ல. ஹெல்மெட் உச்சிக்கு மேல் 5 சென்டிமீட்டராவது நிற்கட்டும். பெல்ட்டின் தோள்வாரைத் தரையில் கொண்டுபோய்க் கட்டினால் மோதலில் அது உங்கள் முதுகெலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும். தோள் மட்டத்திலோ சற்றே தாழ்வாகவோ பின்னால் போக வேண்டும். கட்டத் தொடங்கும் முன்பே நீங்கள் ஓட்டப்போகும் கிளப்பின் ஸ்க்ரூட்டினியரிடம் (போட்டிக்கு முன் காரைச் சோதிப்பவர்) போய்ப் படத்தைக் காட்டுங்கள். கட்டி முடித்த காரைக் கொண்டுபோய் வாக்குவாதம் செய்வதைவிட அது மலிவு.

சோதனை ஓட்டம். தயவுசெய்து தெருவில் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும் தொழிற்பேட்டைச் சாலையும் தெருதான். எழுத்தில் அனுமதி வாங்கிய ஒரு வாகன நிறுத்துமிடம், கம்பமும் சாக்கடை மூடியும் கல் விளிம்பும் இல்லாத பக்கம், தீயணைப்பான் கையில் ஒருவர். முதல் நாள் நடக்கிற வேகத்தில் பத்து தடவை நிறுத்துங்கள், அதற்கு மேல் வேண்டாம். போல்ட் ஒவ்வொன்றிலும் பெயின்ட் கோடு போட்டிருந்தால் எது தளர்ந்தது என்று ஒரே பார்வையில் தெரியும். ஹப்பைக் கையால் தொட்டுப் பாருங்கள், மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று சுட்டால் அங்கே பியரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது. அப்புறம் 20, 40, 60இல் நேர்கோட்டில் பிரேக். டயரின் பக்கச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வெளியிலிருந்து ஒருவர் வீடியோ எடுத்தால் எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று தெளிவாகத் தெரியும். முன்சக்கரம் முதலில் பூட்டும்வரை அந்த வால்வைத் திருகுங்கள். இது முடியாமல் வளைவுக்குப் போகக்கூடாது.

அதற்கப்புறம் வட்டம். 15 மீட்டர் ஆரத்தில் சாக்பீஸ் வட்டம் போட்டு அதன் மேலேயே சுற்றுங்கள், ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி என்று பாருங்கள். 9 நொடி என்றால் சுமார் 0.75 ஜி, 8.5 என்றால் 0.84, 8 என்றால் 0.94. ஸ்டாப்வாட்சைத் தவிர எந்தக் கருவியும் வேண்டாம். இடச்சுற்றும் வலச்சுற்றும் வெகுவாக வேறுபட்டால் நான்கு மூலை எடை கோணலாக இருக்கிறது; குளியலறைத் தராசு நான்கு, உங்களை சீட்டில் உட்காரவைத்து, ஒரு மூலைவிட்டத்தின் கூட்டல் மொத்தத்தில் பாதி வரும்வரை ஸ்பிரிங் தட்டைத் திருகுங்கள். தராசு 150 கிலோவோடு நின்றுவிடும் என்றால் பலகையை நெம்புகோலாக வைத்துப் பாதியைத் தராசுக்கும் பாதியைத் தரைக்கும் கொடுங்கள். டயர்க் காற்றுக்குக் கார் கம்பெனி எழுதிய எண்ணை மறந்துவிடுங்கள், அது பக்கிக்கானது. நான் 1.3 பாரில் தொடங்குவேன். தோள்பக்கத்தில் சாக்பீஸ் பூசி ஓட்டிவிட்டு, எதுவரை அழிந்திருக்கிறது என்று பாருங்கள். ஓரம் தாண்டி அழிந்தால் காற்று போதாது.

ஒன்றை மாற்றினால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், பழையபடி வைத்துத் திரும்ப ஓட்டியும் பாருங்கள். இதில்தான் பலர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். காலையில் 48.2 நொடி, ஸ்பிரிங்கை மாற்றினோம், 47.5 வந்தது, அடடா ஸ்பிரிங். பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டால் 47.4! முன்னேறியது நீங்கள், தார் சூடாகியிருந்தது, டயரும் சூடாகியிருந்தது. என் இரண்டாவது காரில் நான் பெருமைப்பட்ட மாற்றங்களில் பாதிக்கு மேல் இந்தச் சோதனையில் காணாமல் போய்விட்டன. தேறி நின்றவை டயர், காற்றழுத்தம், முன்சக்கரச் சாய்வு, அப்புறம் டிஃப் (இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரப் பெட்டி). சாதா டிஃபில் இறுக்கமான கோன் சுற்றும்போது உள்சக்கரம் சும்மா சுழலும். அதை வெல்டு அடித்து இறுக்கிவிடலாம் என்று ஒருவர் சொல்வார், கேட்காதீர்கள், கோன் பாதையில் மூக்கு திரும்பாது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஓட்டப் போனால் கார்புரேட்டர் ஜெட்டை மாற்ற மறக்காதீர்கள். 1,700 மீட்டர் உயரத்தில் காற்று ஆறில் ஒரு பங்கு மெலிசு, கடற்கரையில் டியூன் செய்த எஞ்சின் அங்கே பெட்ரோல் குடித்துத் திக்கும்.

செலவுக்கு ரேண்டில் தொகை எழுதினால் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும். என் கணக்கு நோட்டில் கூட்டுக்கான இரும்பு மொத்தத்தில் பத்தில் ஒன்றுகூட இல்லை. டயர், பெல்ட், சீட், பிரேக் பாகம், ரேடியேட்டர், இதெல்லாம் தெரிந்த செலவு. போல்ட், ரிவெட், கிரைண்டிங் டிஸ்க், வெல்டிங் கேஸ், ஹோஸ், கிளிப் என்று தெரியாத செலவு அதைவிடப் பெரிது. நேரம்: முதல் காருக்கு எனக்கு இரண்டு வருடம் நாலு மாதம், கல்யாணம், காவடி, பள்ளிக்கூட விழா தவிர எல்லா ஞாயிறும். சாலையில் ஓட்டப் பதிவு செய்வது தனி மலை, அதற்கு ஆசைப்படாமல் டிரெய்லரில் கொண்டுபோகிற காராகவே முதலில் கட்டுங்கள்.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். உங்கள் உயரம் என்ன, ஷூ அளவு என்ன? இந்த வகைக் காருக்குப் பரவலாகக் கிடைக்கிற வரைபடத்தின் கூடு ஒல்லியான வெள்ளைக்காரருக்கு வரைந்தது, மூன்று பெடல் நிற்கும் இடம் ஒரு சாண் சொச்சம்தான். எனக்கு 11ஆம் நம்பர் கால், முதல் காரை மூன்று வருடம் வெறும் சாக்ஸோடு ஓட்டினேன். இரும்பு வெட்டுவதற்கு முன்னால் அளவைச் சொல்லுங்கள், 10 சென்டிமீட்டர் அகலப்படுத்தின படம் என்னிடம் இருக்கிறது.